ஒன்றுக்கு ஒன்று: சிங்கப்பூரும் புருணையும், பிரிந்துபோன மலேசியாவும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே செய்திதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலியவை) எல்லாம் சேர்ந்து ஒரு பொது நாணயம் கொண்டுவரப் போகின்றன, அதோடு அமெரிக்க டாலர் கதை முடிந்தது, உடனே தங்கம் வாங்குங்கள், இப்படி. தஞ்சாவூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை. "நீ சிங்கப்பூர் பேங்க்ல தானே வேலை பாக்குற, நீயே சொல்லு" என்று என்னை வேறு இழுத்துவிட்டார். நான் வங்கியில் பார்ப்பது மென்பொருள் வேலை, பொருளாதாரம் இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். சரி, குழுவில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட இங்கே நீளமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பொது நாணயம் என்றதும் எல்லோரும் யூரோவைத்தான் பேசுவார்கள். யூரோ பெரிய கதைதான், ஆனால் எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது நான் குடியிருக்கும் ஊரின் கதை. சிங்கப்பூர் டாலரும் புருணை டாலரும் இன்றைக்கும் ஒன்றுக்கு ஒன்று. இங்கே பத்து வருடம் இருந்தவர்களில் கூடப் பாதிப் பேருக்கு இது தெரியாது. தேக்காவில் (இங்கே லிட்டில் இந்தியா பகுதி) மளிகைச் சாமான் வாங்கிவிட்டு மீதிச் சில்லறையில் புருணை சுல்தான் படம் போட்ட நோட்டு வந்தால் பதறிப்போய்க் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே "செல்லும் செல்லும்" என்பார். செல்லத்தான் செய்யும். அந்த நோட்டை இங்கே எந்த வங்கியில் போட்டாலும் அதே மதிப்பு, கழிவு கிடையாது. அங்கே நம் நோட்டும் அப்படியே. சட்டப்படி பார்த்தால் புருணை நோட்டு சிங்கப்பூரின் சொந்தப் பணம் அல்ல, வழக்கத்தில் ஏற்கப்படும் பணம் என்ற கணக்கில் வரும். ஆனால் கடையில் சாமான் வாங்க அந்த வித்தியாசம் குறுக்கே வராது. இயந்திரங்களிடம் மட்டும் உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு ஒரு தடவை துப்பிவிட்டது. இன்னொன்று, ஊருக்குப் போகும்போது புருணை நோட்டை எடுத்துப் போகாதீர்கள். இங்கே செலவழித்துவிட்டுப் போங்கள், நம்மூர்ப் பணமாற்றுக் கடையில் அதைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

இந்த ஏற்பாடு 1967 ஜூன் 12 முதல் நடக்கிறது. 2007இல் நாற்பதாவது ஆண்டுக்கு 20 டாலர் நோட்டும், 2017இல் ஐம்பதாவது ஆண்டுக்கு 50 டாலர் நோட்டும் நினைவு வெளியீடாக இரண்டு நாடுகளும் சேர்ந்து வெளியிட்டன. ஆனால் 1967இல் இந்த ஒப்பந்தம் தொடங்கியபோது இருந்தது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாவது மலேசியா. அவர்கள் எப்படி வெளியே போனார்கள் என்பதில்தான் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ்காரன் காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க ஒரே பணம்தான். 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுண்டோடு கட்டினார்கள். அதாவது 7 பவுண்டுக்கு 60 டாலர். அந்த முடிச்சு, நடுவில் இரண்டாம் உலகப் போரில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட காகிதத்தை ஓட்டிய சில வருடங்களைக் கழித்துவிட்டால், அறுபது வருடம் அப்படியே இருந்தது. 1938இல் மலாயாவுக்கென ஒரு நாணய ஆணையர் வாரியம் அமைத்தார்கள். 1952இல் அதையே விரிவாக்கி மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ (இன்றைய சாபா), புருணை ஐந்துக்கும் சேர்த்து ஒரே வாரியம், ஒரே டாலர். சிங்கப்பூரில் சம்பளம் வாங்கியவர் அதே நோட்டை ஈப்போவிலும் கூச்சிங்கிலும் செலவழிக்கலாம். நம் தமிழ் ஆட்கள் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஊர் மாறி ஊர் மாறிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரியம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் சண்டை எல்லாம் இதிலிருந்துதான். வாரியம் தன் இஷ்டத்துக்கு நோட்டு அடிக்க முடியாது. ஒரு வங்கி லண்டனில் பவுண்டைக் கட்டினால், அந்த விகிதப்படி இங்கே டாலர் நோட்டு வெளியே வரும். டாலரைத் திருப்பிக் கொடுத்தால் லண்டனில் பவுண்டு கிடைக்கும். ஆக, புழக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு டாலருக்கும் எங்கோ ஒரு பெட்டியில் முழு மதிப்புக்குப் பவுண்டு கையிருப்பு இருக்கும். அந்தக் கையிருப்பை லண்டனில் பத்திரங்களில் போட்டு வரும் லாபத்தை உறுப்பு நாடுகள் பங்கு பிரித்துக்கொள்ளும். வட்டி விகிதத்தை ஏற்றுவது இறக்குவது, அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பது, தள்ளாடும் வங்கியைத் தாங்கிப் பிடிப்பது இதெல்லாம் வாரியத்தின் வேலையே இல்லை. ஒரு நாட்டுக்கு மந்தம் வந்தால் வந்ததுதான், பணத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முடிவெடுக்க ஒன்றுமே இல்லாததால் ஐந்து பேர் சண்டை போடவும் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலம். எல்லோருக்கும் மேலே லண்டன் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே எஜமானின் கீழ் ஐந்து பேர் ஒற்றுமையாக இருப்பதில் என்ன அதிசயம்.

அப்புறம் விடுதலை வந்தது. மலாயா 1957இல் சுதந்திரம் பெற்று, 1959 ஜனவரியில் தனக்கென மத்திய வங்கி, பேங்க் நெகாரா, தொடங்கியது. 1963 செப்டம்பரில் சிங்கப்பூர், சாபா, சரவாக்கைச் சேர்த்துக்கொண்டு மலேசியா உருவானது. புருணை சேரவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் வெளியே வந்தது. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலும் இல்லாதது என்னவென்றால், அரசியலில் பிரிந்த பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் இரண்டு நாடுகளும் பொதுப் பணத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து பேசின. முறைத்துக்கொண்டே பேசினாலும் உண்மையான பேச்சுவார்த்தைதான். மலேசியப் பக்கம் நிதியமைச்சர் டான் சியூ சின், சிங்கப்பூர்ப் பக்கம் லிம் கிம் சான். திட்டம், பேங்க் நெகாராவே இரண்டு நாட்டுக்கும் நோட்டு வெளியிடும், சிங்கப்பூருக்கு அதற்குள் தனிப் பிரிவு இருக்கும். வட்டி, கடன், வங்கிக் கட்டுப்பாடு போன்ற தலைவலி விஷயங்களில் எல்லாம் பெரும்பாலும் ஒத்துவந்துவிட்டார்கள்.

உடைந்த இடம் ஒன்றே ஒன்று. சிங்கப்பூர் தன் பங்குக் கையிருப்பைப் பேங்க் நெகாராவிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த பிறகு அது சட்டப்படி யாருடையது? கூட்டுக் குடும்பத்தில் நகைப்பெட்டி ஒன்றுதான், ஆனால் சாவிக்கொத்து யார் இடுப்பில் என்பதுதானே கேள்வி. பேங்க் நெகாரா மலேசியச் சட்டத்தின்படி உருவான நிறுவனம். கையிருப்பு அதன் பெயரில் இருந்தால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் சிங்கப்பூர் கையில் இருப்பது "இவ்வளவு தரவேண்டும்" என்ற ஒரு தாள் மட்டும்தான். பணம் எங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்றது சிங்கப்பூர். ஒரு நாட்டின் மத்திய வங்கிக்குள் இன்னொரு நாட்டின் சொத்து தனியாக இருப்பது எங்கள் இறையாண்மைக்கு ஒத்துவராது என்பது மலேசியாவின் நிலை. என்னைக் கேட்டால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் அது தீரவில்லை. ஒருத்தர் மட்டும் அடாவடி செய்திருந்தால் எப்படியாவது சமாதானம் பண்ணியிருப்பார்கள். 1966 ஆகஸ்ட் 17 அன்று, பிரிவினை நடந்து ஒரு வருடம் கழித்து, தனித்தனிப் பணம் என்று அறிவித்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் அதற்கப்புறம் செய்ததைக் கவனியுங்கள். சுதந்திர நாடு, தனி நாணயம், உடனே ஒரு மத்திய வங்கி தொடங்கிக் கொடியேற்றியிருக்கலாம். செய்யவில்லை. பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன அதே வாரிய முறையை எடுத்து, முழுக் கையிருப்பு இல்லாமல் ஒரு நோட்டும் வெளியே வராது என்று சட்டம் போட்டது. சிங்கப்பூரின் முதல் நிதியமைச்சர் கோ கெங் சுவீக்கு இதில் உறுதியான கருத்து இருந்தது, அரசாங்கத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் நோட்டு அச்சடிக்கும் வசதி இருக்கவே கூடாது என்று. தனி நாணயம் வேண்டும் என்பதற்காகப் பிரிந்து வந்து, அந்த நாணயத்தை இஷ்டப்படி அச்சடிக்கும் உரிமையைத் தனக்குத்தானே மறுத்துக்கொண்ட அரசு! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி டாலர் வெளியிட்டன. மூன்றுக்கும் ஒரே தங்க மதிப்பு, ஒன்றை ஒன்று சமமாக ஏற்கும் ஒப்பந்தம். பெயரில் தனி, பயன்பாட்டில் பழையபடியே. பழைய வாரிய நோட்டுகளும் கூடவே அதே மதிப்பில் புழங்கின. அவசரமாக மாற்ற வேண்டியதில்லை, நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

நவம்பர் 18, சனிக்கிழமை. லண்டனில் ஹரால்டு வில்சன் அரசாங்கம் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. 2.80 அமெரிக்க டாலராக இருந்தது 2.40 ஆனது, 14.3 சதவீதம் வீழ்ச்சி. புதிய டாலர்களைக் குறைக்க வேண்டாம் என்று மூன்று நாடுகளும் முடிவு செய்தன. ஆனால் பழைய நோட்டுக்குப் பின்னால் இருந்தது பவுண்டு, அது பவுண்டோடு சேர்ந்து விழுந்தது. நேற்று வரை ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லப்பட்ட பழைய டாலர் இப்போது 85 காசு.

என் மனைவி வழியில் ஒரு தாத்தா, மலேசியாவில் பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்தவர், இப்போது இல்லை. அவர் சொல்லி நான் நேரடியாகக் கேட்டது இது (இந்தப் பக்கத்துத் தமிழில் வெள்ளி என்றால் டாலர்). "தம்பி, ராத்திரி படுக்கும்போது ஒரு வெள்ளி, காலைல எழுந்தா எம்பத்தஞ்சு காசு. திருடன் வந்திருந்தாக்கூட மொத்தமா எடுத்துட்டுப் போயிருப்பான், இது ஒவ்வொரு வெள்ளிலயும் பதினஞ்சு காசை மட்டும் கிள்ளிட்டுப் போயிருக்கு." அவர் பணத்தை வீட்டில் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தவர். தோட்டத்திலும் கம்பத்திலும் (கிராமத்திலும்) சின்னக் கடைகளிலும் இப்படித்தான், வங்கி என்றாலே தூரம். நோட்டாகக் கையில் வைத்திருந்த ஏழைகள்தான் அடி வாங்கினார்கள். காகிதத்தில் இருந்த ராணி படத்தை நம்பி வைத்திருந்ததற்குத் தண்டனை.

பினாங்கில் தொழிற்கட்சி நவம்பர் 24 அன்று கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. கடையடைப்பு கலவரமானது, கலவரம் இனச் சண்டையானது, ஊரடங்கு போட்டார்கள், தீவைத் தாண்டியும் பரவியது. உயிர்கள் போயின. 1969 மே கலவரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் ஒரு நாணய மாற்றத்தால் பினாங்கு எரிந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நாணயம் என்றால் வரைபடம், சதவீதம், மாநாடு என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இதே மாதிரி ஒன்று நம் நாட்டுப் பணத்தாலும் நடந்திருக்கிறது, இடையில் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகம், ஓமன் எல்லாம் ஒருகாலத்தில் இந்திய ரூபாயில்தான் ஓடின. தங்கக் கடத்தல் தொல்லையால் 1959இல் ரிசர்வ் வங்கி அவர்களுக்கென்று தனி நிறத்தில் வளைகுடா ரூபாய் அச்சடித்தது, மதிப்பு நம் ரூபாயேதான். குவைத் 1961லேயே தினாருக்கு மாறிவிட்டது. 1966 ஜூன் 6 அன்று டெல்லி ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, அமெரிக்க டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. வளைகுடாக்காரர்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் டெல்லிக்கு இல்லை. கத்தாரும் துபாயும் மற்ற அமீரகங்களும் உடனே கழன்றுகொண்டன. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. லண்டன் செய்ததை ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன்னால் நாம் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, இங்கே திரும்புவோம். மூன்று டாலர் ஒன்றுக்கு ஒன்று என்ற ஏற்பாடு 1973 வரை தாங்கியது. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்க நிலையான மாற்று விகிதங்கள் உடைந்துகொண்டிருந்தன, அமெரிக்க டாலர் தங்கத்தை விட்டுவிட்டது, பவுண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டது. எதைப் பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொரு நாடும் தனக்குத் தோதாக யோசிக்க வேண்டிய நேரம். ரப்பர், வெள்ளீயம், பனை எண்ணெய் விற்கும் மலேசியாவுக்குத் தோதானதும், வணிகத்தையும் நிதியையும் நம்பியிருக்கும் சிங்கப்பூருக்குத் தோதானதும் ஒன்றாக இருக்க முடியாது. 1973 மே மாதம் மலேசியா ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அதோடு இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருந்த பங்குச் சந்தையும் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் பொதுவாக வைத்திருந்த விமான நிறுவனமும் பிரிந்திருந்தது. ஜூன் மாதம் இரண்டு பணமும் தனித்தனியே மிதக்கத் தொடங்கின. பிரிந்த அன்று ஒன்றுக்கு ஒன்று. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு (மலேசிய டாலரின் இன்றைய பெயர்) மேல். தினமும் விடியற்காலையில் ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களை இழுத்துக்கொண்டு வருவது அந்த இடைவெளிதான். வாரக் கடைசியில் எதிர்த்திசையில் காரில் போய்ப் பெட்ரோலும் மளிகையும் வாங்கி வருகிறவர்களை இழுப்பதும் அதுவேதான், அதில் நானும் உண்டு.

அப்படியென்றால் புருணை மட்டும் ஏன் போகவில்லை? ஏறக்குறைய நாலரை லட்சம் மக்கள், எண்ணெயும் எரிவாயுவும் மட்டுமே பிழைப்பு. சிங்கப்பூர் ஒரு சொட்டு எண்ணெய் எடுக்காத நாடு, எல்லாம் இறக்குமதி. இரண்டு பொருளாதாரமும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடியவை. 1961இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிப் பொருளாதாரப் பாடத்தில் சொல்லிவரும் கணக்குப்படி பார்த்தால், ஒரே பணத்தை வைத்துக்கொள்ளக் கூடாத ஜோடிக்கு இது நல்ல உதாரணம். ஒரே நேரத்தில் ஒரே மாதிரியான அடி விழும் நாடுகளுக்குத்தான் பொதுப் பணம் சரிப்படும், இல்லாவிட்டால் வேலை தேடி மக்களோ பணமோ தாராளமாக இடம் மாற வேண்டும் என்பார்கள்.

ஆனாலும் ஓடுகிறது. காரணம், எனக்குப் புரிந்த வரையில், புருணை சாவியைக் கேட்கவே இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் (பின்னால் வந்த மத்திய வங்கி இதுதான்) 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு மாற்று விகிதத்தை வைத்துத்தான் பணக் கொள்கையை நடத்துகிறது. வணிகம் செய்யும் நாடுகளின் பணங்களைக் கூடையாகப் போட்டு, அதற்கு எதிராகச் சிங்கப்பூர் டாலர் எவ்வளவு வேகமாக ஏறலாம் என்று முடிவு செய்யும். விலைவாசி உலகமெங்கும் எகிறியபோது 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஐந்து முறை கொள்கையை இறுக்கினார்கள், அதாவது டாலரை இன்னும் ஏற விட்டார்கள். அந்த ஐந்து முடிவும் சிங்கப்பூரின் நிலவரத்தைப் பார்த்து எடுத்தவை, புருணை டாலரும் தானாகக் கூடவே ஏறியது. புருணைக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. அது நாற்காலி கேட்டதாகவும் நான் எங்கும் படித்ததில்லை. தன் நோட்டைத் தானே வெளியிடுகிறது, தன் கையிருப்பைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது, விகிதத்தை மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக்கொள்கிறது. 1966இல் எந்தக் கேள்வியில் பேச்சு உடைந்ததோ அந்தக் கேள்வியே இங்கே எழாதபடி ஏற்பாடு அமைந்துவிட்டது.

இதற்கு விலை உண்டு. 2014 நடுவில் பீப்பாய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனது. அப்போது ரஷ்யாவின் ரூபிள் விழுந்தது, ரிங்கிட்டும் விழுந்தது. எண்ணெய் விற்கும் நாட்டின் பணம் விழுவதில் ஒரு ஆறுதல் உண்டு, டாலரில் வரும் வருமானம் குறைந்தாலும் உள்நாட்டுப் பணத்தில் அவ்வளவு குறையாது, உள்ளூர்ப் பொருளும் மலிவாகும். புருணைக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அதன் டாலர் சிங்கப்பூரோடு கட்டப்பட்டு உயரத்திலேயே நின்றது. அரசு வரவுசெலவில் துண்டு விழுந்தது, பொருளாதாரம் சுருங்கியது. மக்களோ கெட்டியான பணத்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி சரவாக்கின் மிரிக்கும் லிம்பாங்குக்கும் போய்ச் சாமான் வாங்கினார்கள், நாங்கள் ஜோகூருக்குப் போவது போலவே. உள்ளூர்க் கடைக்காரர்கள் பாவம்.

ஆனால் புருணையிடம் சேமிப்பு இருக்கிறது. 1983இலேயே தனி முதலீட்டு நிறுவனம் தொடங்கி எண்ணெய்ப் பணத்தை வெளிநாடுகளில் போட்டுவைத்த நாடு. மக்களிடம் வருமான வரி வாங்குவதில்லை, நிறையப் பேர் அரசாங்க வேலையில். எண்ணெய் விலை விழுந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் கொடுக்கலாம், பணத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிரீஸுக்கு இந்த வசதிதான் இல்லை. 2015 ஜூன் கடைசியில் அங்கே வங்கிகளை மூடி, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று ஏடிஎம் வாசலில் வரிசையில் நிற்க வைத்தார்கள். பணம் சொந்தப் பணம் இல்லை, கையிருப்பும் இல்லை, கடனோ மலை மாதிரி. ஒரே பணத்தை வைத்துக்கொண்டு ஒரே வரி, ஒரே பட்ஜெட் இல்லாமல் ஓட்டினால் இந்த மாதிரி நாளில்தான் தெரியும். யூரோ அதிலும் உடையவில்லை, அதற்கப்புறமும் ஆட்கள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், 2023இல் குரோவேஷியா வந்தது. அங்கே சேர்ந்து நிற்க வேண்டும் என்ற அரசியல் பிடிவாதம் பொருளாதாரக் கணக்கைவிடப் பெரிதாக இருக்கிறது, அது ஒரு தனிப் பதிவு.

இப்போது சித்தப்பாவுக்கு. பிரிக்ஸ் நாடுகளுக்குள் உள்ளூர்ப் பணத்திலேயே வணிகம் செய்துகொள்வது வேறு, அது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், நடக்கவும் செய்கிறது. பொது நாணயம் என்பது, மந்தம் வந்தால் யாருக்காகத் தளர்த்துவது, விலைவாசி ஏறினால் யாருக்காக இறுக்குவது என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்வது. அந்த இடம் பெய்ஜிங்கில் இருக்கட்டும் என்று டெல்லி சொல்லுமா? மும்பையில் இருக்கட்டும் என்று பெய்ஜிங் சொல்லுமா? கையிருப்பு யார் பெயரில்? ஒரே மொழி பேசி, ஒரே பள்ளியில் படித்து, ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பெண் எடுத்த சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரு வருடம் உட்கார்ந்து பேசியும் அந்த ஒரு வரியில் உடன்பட முடியவில்லை. ஆசியாவுக்கு இந்த ஆசை புதிதும் இல்லை, 2019இல் டோக்கியோவில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் தங்கத்தை அடிப்படையாக வைத்துக் கிழக்காசியாவுக்கு ஒரு பொது நாணயம் வேண்டும் என்று பேசினார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தங்கம் வாங்குவது உங்கள் விருப்பம் சித்தப்பா, ஆனால் இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

ஒரு கேள்வி எனக்கு அடிக்கடி வரும். 1966இல் அந்த ஒரு வரியில் யாராவது விட்டுக்கொடுத்திருந்தால், இரண்டு நாட்டுக்கும் ஒரே பணம் தொடர்ந்திருந்தால்? இங்கே உள்ள மூத்தவர்கள் சிலர் ஏக்கத்தோடு சொல்வார்கள், நல்லா இருந்திருக்கும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1997 வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்திருந்தால்கூட அந்த ஆசிய நெருக்கடியில் உடைந்திருக்கும், ரொம்ப மோசமாக உடைந்திருக்கும். அமெரிக்க டாலருக்கு இரண்டரை இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. மகாதீர் அரசாங்கம் செப்டம்பரில் கதவைச் சாத்தியது, வெளிநாட்டில் ரிங்கிட் வாங்கி விற்பதைத் தடுத்தது, டாலருக்கு 3.80 என்று நிறுத்தியது. உலகமே திட்டியது, ஆனால் அவர்கள் ஊருக்கு அது ஓரளவு வேலை செய்தது, 2005 ஜூலை வரை அதே விகிதத்தை வைத்திருந்தார்கள். உலகத்தின் பணம் தாராளமாக வந்து போவதையே தொழிலாக வைத்திருக்கும் சிங்கப்பூரால் அந்தக் கதவைச் சாத்தியிருக்க முடியாது. ஒரே பணம் இருந்திருந்தால் இந்த இரண்டில் எதைச் செய்திருப்பார்கள், யார் முடிவு செய்திருப்பார்கள்?

அந்த செப்டம்பரில் சிங்கப்பூர் வங்கிகளில் ரிங்கிட் கணக்கு வைத்திருந்தவர்கள் நிறையப் பேர், இங்கே அதற்கு வட்டி அதிகம் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரு மாதம் கெடு. அக்டோபர் 1க்குள் பணத்தை மலேசியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பிறகு எல்லைக்கு வெளியே இருக்கும் ரிங்கிட்டை உள்ளே கொண்டுபோக முடியாது என்றார்கள்.